விருந்தாளி விறகு

கோடு அழகாகத்தான் இறங்கியது. மலை மாவட்டங்களின் முப்பது வருஷத்து விறகுக் கணக்கு அது. இடது மூலையில் உச்சியில் தொடங்கி, சறுக்குமரத்தில் உட்கார்ந்த குழந்தை மாதிரி வழுக்கிக்கொண்டே வந்து, இன்னும் ஏழெட்டு வருஷத்தில் தரையைத் தொட்டுவிடுவேன் என்றது. தலெந்தாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. புள்ளிவிவரத்தோடு ஓர் ஆயுள் குடித்தனம் நடத்தியவள் அவள். மனிதர்கள் சமைத்ததையும் குளிர்காய்ந்ததையும் எண்ணினால் கோடு எங்கேயாவது கோணிக்கொண்டுதான் நிற்கும். இவ்வளவு சமர்த்தாக இறங்கும் கோட்டில் யாரோ எங்கேயோ பொய் சொல்லியிருக்க வேண்டும்.

"மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த லம்ஜெத். இருவரும் துனிஸ் நகரத்து இந்த அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் டைரக்டர் ஆகிவிட்டான். அவள் எண்களோடே நின்றுவிட்டாள். "நம்ம நாட்டுல உருப்படியா நடந்த ஒரே விஷயம் இதுதான். அதுவும் உனக்குப் பிடிக்கலையா?"

"நாட்டுல நடந்துச்சா, இல்ல பேப்பர்ல நடந்துச்சான்னு பார்க்கிறேன்."

நாட்டின் எரிசக்திச் செலவைப் பற்றிய பெரிய அறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. பெட்ரோல், மின்சாரம், சமையல் கேஸ், விறகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. மக்கள்தொகை, விலை, வருமானம், மழை என்று காரணங்களைக் கட்டிவிட்டு, நாளைக்கு எவ்வளவு வேண்டும், நாடு எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல வேண்டும். மற்றக் கோடுகளெல்லாம் ஏறு ஏறு என்று ஏறி எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தன. இறங்கிய ஒரே கோடு விறகு. அமைச்சகத்துக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

பிரியத்துக்குக் காரணம் இருந்தது. குளிர்காலத்தில் அரசாங்க லாரி ஒன்று மலை ஊர்களுக்கு கேஸ் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு போய், கீழே விற்கும் அதே விலைக்குக் கொடுத்துவிட்டு வரும். மலைக்காரர்கள் விறகை விட்டுவிட்டார்கள் என்றால் லாரிக்கு வேலை முடிந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது: இந்தக் குளிர்காலத்தோடு லாரியை நிறுத்திக்கொள்ளலாம்.

கீழே தலெந்தாவும் லம்ஜெத்தும் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் அந்த முதல் புள்ளியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினாள். எண்பத்தேழாம் வருஷத்துக் குளிர்காலம். பனி அதிகம் என்று சொல்லிப் பார்த்தாள், புள்ளி அசையவில்லை. குடும்பம் பெரிது என்றாள், மண்ணெண்ணெய் விலை ஏறியது என்றாள், ஆட்டுக்குட்டிகளுக்கும் சேர்த்துக் குளிர்காய்ந்தார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். எந்தச் சமாதானத்துக்கும் மசியாமல் அது உச்சாணியிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்தப் புள்ளியை எடுத்தவர்களே அவளும் லம்ஜெத்தும்தான். முறையை வகுத்தவன் அவன். வீட்டோடு மூன்று நாள் தங்கி, காலையில் விறகு அடுக்கை எடை போட்டு, மறுநாள் காலை மறுபடி எடை போட்டு, குறைந்ததை எழுதிக்கொள்வது. "கேட்டா மனுஷன் பொய் சொல்லுவான், விறகு சொல்லாது" என்று அப்போது சொன்னதை அவன் பிறகு பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கிவிட்டான். தங்க இடமில்லாத சில வீடுகள் மட்டும் இருந்தன. பிள்ளை பெற்றவள் படுத்திருந்த வீடு, கிழவருக்குச் சுகமில்லாத வீடு. அங்கே காலையில் போய் எடை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

ஒரு மத்தியானம், வேறு வழி தோன்றாமல், தலெந்தா அந்தப் புள்ளியை வீடு வீடாகப் பிரித்து, தங்கிய வீடுகளுக்குச் சிவப்பும் தங்காத வீடுகளுக்குப் பச்சையும் அடித்தாள். திரையில் சிவப்பெல்லாம் மேலே போய் நின்றது, பச்சையெல்லாம் கீழே. நடுவில் ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடைவெளி.

அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் தேடிய காரணம் வேறு யாருமில்லை. அவளும் லம்ஜெத்தும்தான்.

கண்டுபிடித்தவுடன் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தச் சிவப்புப் புள்ளிகளிலேயே உயரமானது ஐன் ரீஹான் ஊரில் கமீஸாவின் வீடு. தலெந்தா வாழ்க்கையில் எங்கேயாவது ஒரு முறை திரும்பிப் போக முடியும் என்றால் அந்த வீட்டின் அந்த மூன்று நாளுக்குத்தான் போவாள்.

அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. அம்மா போய் ஒரு வருஷம். அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் கடை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள். யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸில் பனியில் வழுக்கி வழுக்கி அவள் ஐன் ரீஹான் போய்ச் சேர்ந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. கமீஸா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்ஸை உருவி எறிந்துவிட்டு அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்துக் கரகரவென்று தேய்த்தாள். பிறகு தபூனாவை மூட்டினாள். கார்க் மரக் காட்டின் நடுவே அந்தச் சிறு மண் அடுப்பு உறுமியது. வட்டமாகத் தட்டிய மாவை உள்சுவரில் பளார் பளார் என்று அறைந்து ஒட்டவைத்தாள். ரொட்டி வெளியே வந்தபோது கைமாற்றிக் கைமாற்றித்தான் பிடிக்க முடிந்தது. ஆலிவ் எண்ணெயும் ஹரீஸா மிளகாய் விழுதும் தொட்டு, கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாள். கண்ணீர் ஹரீஸாவால்தான் என்று எல்லோரும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

காலையில் சூடு ரொட்டி, மத்தியானம் சூடு ரொட்டி, இருட்டும் நேரம் மறுபடி. அறையில் கணப்பு அணையவே இல்லை. கமீஸாவின் மூன்று பிள்ளைகளும் கன்னம் சிவக்க நெருப்பின் அருகில் உருண்டுகொண்டிருந்தார்கள். கமீஸாவுக்கு வாயும் சும்மா இருக்காது. "இந்தப் பையனைக் கட்டிக்காதே, மகளே" என்று லம்ஜெத் காதுபடவே சொன்னாள். "ரொட்டியை ஓரத்துலேருந்து கிள்ளித் தின்னுறான். இப்படித் தின்னுறவன் முழுசா ஒண்ணும் தரமாட்டான்." தலெந்தா அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் வேறு என்றாலும், கமீஸா சொன்னது ஒரு ஓரத்தில் இருந்தது.

மலைக்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று அவள் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். ஏழைகள்தான், ஆனால் மூன்று வேளையும் நெருப்பும் சூடு ரொட்டியும் உள்ளவர்கள். நகரத்தில் எப்போதெல்லாம் மனசு குளிர்ந்ததோ அப்போதெல்லாம் அந்த அடுப்பை நினைத்துக்கொள்வாள். இப்போது திரையில் இருந்த சிவப்பு, அது உனக்காக மூட்டியது, நீ போனதும் அணைந்தது என்றது. அதை நம்ப அவளுக்கே பிடிக்கவில்லை.

லம்ஜெத்துக்கு அவளைவிடப் பிடிக்கவில்லை.

"நிறம் அடிச்சா எல்லாம் ஆயிடுமா? தங்கின வீடெல்லாம் பெரிய வீடு. அதான் விறகு ஜாஸ்தி."

"அதையும் கழிச்சுப் பார்த்துட்டேன். இடைவெளி போகலை. லம்ஜெத், விருந்தாளிக்கு மூணு நாள் மரியாதைன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாம சரியா அந்த மூணு நாள்தான் எடை போட்டிருக்கோம். நாட்டோட விறகுச் செலவுன்னு நாம எழுதினது நாம தின்ன ரொட்டி."

"அப்ப போன வருஷத்துக் கணக்கு?"

"அது டேப்லெட்டை வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னு எடையைக் குறிச்சுட்டு ஓடின கணக்கு. அவங்க தண்ணிகூடக் குடிக்கலை. அது உண்மை. நடுவுல போனவங்களும் வரவரத் தங்கறதைக் குறைச்சுட்டாங்க, அதான் கோடு அப்படி வழுக்குது. முதல் புள்ளியையும் அதுங்களையும் உண்மை இடத்துக்கு இறக்கினா கோடு இறங்கவே இல்லை, படுத்திருக்கு. அன்னைக்கு எவ்வளவு எரிச்சாங்களோ கிட்டத்தட்ட அவ்வளவேதான் இன்னைக்கும் எரிக்கிறாங்க. லாரியை நிறுத்தினா காட்டை வெட்டுவாங்க, இல்லன்னா விறைச்சுப் போவாங்க."

லம்ஜெத் பேனாவை மூடினான், திறந்தான். அடுத்த வருஷம் ஓய்வு. முப்பது வருஷமாகப் பாடம் நடத்திய முறை கண்ணெதிரே மண்ணைக் கவ்வுவதை யார்தான் சகிப்பார்கள். கடைசியில், "உன் சந்தேகத்தை நான் அமைச்சகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போக முடியாது. அந்த ஐன் ரீஹான் அம்மா உயிரோடதானே இருக்காங்க? அவங்க வாயால சொல்லட்டும், உங்களுக்காகத்தான் எரிச்சோம்னு. அடுத்த நிமிஷம் மாத்திடறேன்" என்றான்.

இதைவிடச் சுலபமான நிபந்தனை உண்டா என்று தலெந்தா அங்கேயே போனை எடுத்தாள். பெருநாளைக்குப் பெருநாள் பேசுகிறவள்தானே. லம்ஜெத் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சித்தி, அந்தப் பனி வருஷம் நாங்க வந்தோமே, எங்களுக்காகத் தனியா ரொட்டி சுட்டீங்கதானே? மத்த நாள்ல அவ்வளவு சுடமாட்டீங்கதானே?"

மறுமுனையில் எழுபது வயதுக் குரல் பட்டாசாக வெடித்தது.

"யாரு சொன்னா? எங்களை என்னன்னு நினைச்சே? என் வீட்டுல தினமும் மூணு வேளை சூடு ரொட்டிதான். அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். உனக்காக ஒரு குச்சி கூடுதலா வைக்கலை!"

"சித்தி, நீங்க உண்மையைச் சொன்னாத்தான் லாரி வரும்."

"லாரி வேணும்தான். போன வருஷமே லேட்டா வந்து தொலைஞ்சான். அதுக்காக, நீ தின்ன ரொட்டியை நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்னு சொல்லணுமா? போய் வேற வேலையைப் பாரு. அப்பா எப்படி இருக்கார்? நல்லா இருக்காரா? அல்லாஹ் காப்பாத்துவான். வை."

லம்ஜெத் கைகளை விரித்தான். அவன் முகத்தில் வெற்றி இருந்ததை அவன் மறைக்கக்கூட முயலவில்லை.

"ஒரு நாள் என்கூட வா" என்றாள் தலெந்தா. "வந்து பாரு. அப்பறமும் இதே மாதிரி சிரிச்சேன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போய் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. காட்டுப் பாதையில் கார் வளைந்து வளைந்து ஏறியது. ரீஹான் புதர்களும், கீழ்ப்பாதி உரித்த கார்க் மரங்களும் அப்படியே இருந்தன. மாறியது அவர்கள் இரண்டு பேரின் முழங்கால்தான்.

வாசலில் கமீஸா பாதியாகச் சுருங்கி நின்றாள். குரல் மட்டும் சுருங்கவில்லை. பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு ஊரில் பிழைக்கப் போய்விட்டார்கள், கணவர் இல்லை, அவள் ஒருத்திதான். தலெந்தாவைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். லம்ஜெத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க தம்பி. வயிறு டைரக்டர் ஆயிடுச்சு."

அவர்கள் வருவதற்கு முன்பே தபூனா புகைந்துகொண்டிருந்தது. அறையில் கணப்பு தகதகவென்று எரிந்தது. மூலையில் கேஸ் அடுப்பு, பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு பெண் பார்க்க வந்த வீட்டில் மாதிரி அடக்கமாக நின்றது. லம்ஜெத் முதல் ரொட்டியை ஓரத்தில் கிள்ளிக்கொண்டே, குரலில் மரியாதையைக் குழைத்துக் கேட்டான்.

"அம்மா, எப்பவுமே இப்படித்தானா? தினமும் இவ்வளவு நெருப்பா?"

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் கமீஸா, கண் இமைக்காமல்.

அவன் தலெந்தாவைப் பார்த்தான். அவ்வளவுதான், முடிந்தது என்ற பார்வை.

தலெந்தாவுக்குத் தலைக்கு ஏறியது. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஓரத்தைக் கிள்ளுகிறவன்மேலா, கௌரவத்துக்காகத் தன் குளிர்காலத்தையே விட்டுக்கொடுக்கும் இந்தப் பிடிவாதக்காரியின்மேலா. எழுந்து வெளியே போனாள். சுவரோரம் சாய்ப்புக்குக் கீழே விறகு அடுக்கு இருந்தது, வருஷம் பூராவும் முதுகில் சுமந்து சேர்த்தது. ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தபூனாவில் போட்டாள். மறுபடி போனாள். மறுபடி அள்ளினாள்.

"உட்காரு மகளே, நீ எதுக்கு?" என்றாள் கமீஸா.

"குளிருது சித்தி. தினமும் எரிக்கறதுதானே."

"எரிச்சுக்கோ, எரிச்சுக்கோ. உன் வீடு."

பல்வலிக்காரி சிரிக்கிற மாதிரி கமீஸா சிரித்தாள். தலெந்தா மூன்றாவது நடையும் நடந்தாள். கணப்பில் இரண்டு கட்டை, அடுப்பில் நாலு கட்டை. வியர்த்துப்போய் லம்ஜெத் கோட்டைக் கழற்றினான். கமீஸாவின் கண்கள் ஒவ்வொரு கட்டையோடும் போய்ப் போய்த் திரும்பின. உதடு இறுகியது. தலெந்தா நாலாவது முறை வந்தபோது, அடுக்கின் அடியிலிருந்து உருவிய முடிச்சு முடிச்சான ஓக் வேர்க்கட்டை ஒன்றை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்தாள். அதை அடுப்புக்குள் திணிக்கக் குனிந்தாள்.

"வைடி கீழே!"

கமீஸா பாய்ந்து வந்து கட்டையைப் பிடுங்கினாள். வயசு எங்கே போயிற்றோ.

"அறிவிருக்கா உனக்கு? பனி அடைச்சுக்கிட்டா வைக்கற கட்டைடி இது! ஒரு வாரத்து விறகை ஒரு மணி நேரத்துல தொலைச்சிட்டியே! எவ எரிப்பா இப்படி? வாரத்துக்கு ரெண்டு தடவை சுட்டு, காஞ்ச ரொட்டியைக் கஞ்சியில நனைச்சுத் தின்னு பார்த்தாத் தெரியும் விறகுன்னா என்னன்னு! விருந்தாளி வந்தா எரிக்கிறோம்டி, அதுக்காகத் தினமும் எரிப்பாங்களா, பைத்தியமே?"

லம்ஜெத்தின் கை ரொட்டியோடு பாதியில் நின்றிருந்தது.

கமீஸா தான் சொன்னதைத் தானே கேட்டாள். முக்காட்டின் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விருந்தாளி காதுல விழக்கூடாததை விழ வச்சிட்டியேடி, பாவி" என்றாள் மெல்ல.

தலெந்தா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்டவன் லம்ஜெத்.

"அம்மா, அந்தப் பனி வருஷம்… நாங்க போனதுக்கப்பறம், உங்களுக்கு விறகு இருந்துச்சா?"

கமீஸா வேர்க்கட்டையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அது போகட்டும் தம்பி. பழசு."

"சொல்லுங்கம்மா."

"பிள்ளைங்களை நடுவுல போட்டுக்கிட்டு நாங்க ரெண்டு பக்கமும் படுத்துக்குவோம். பனி விடற வரைக்கும் சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு அடுப்பு. யாரும் செத்துடலை. எல்லாரும் வளர்ந்து ஆளாயிட்டாங்க."

லம்ஜெத் ரொட்டியைத் தட்டில் வைத்தான். மனுஷன் பொய் சொல்லுவான், விறகு சொல்லாது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பான். விறகும் சொல்லும், விருந்தாளியைப் பார்த்தால்.

"அந்தப் புள்ளியை இறக்கிடு, தலெந்தா" என்றான். "பச்சை வீடுங்களை வச்சு மறுபடி கணக்குப் போடு. நான் கையெழுத்துப் போடறேன். லாரியைப் பத்தின வரியை அடிச்சிடலாம். அமைச்சகத்துக்கு நானே போறேன்."

தலெந்தா அழுதாள். ஜெயித்ததற்காக அல்ல. வாழ்க்கையில் தனக்கு மிச்சமிருந்த ஒரே கதகதப்பு, இந்த வீட்டின் மிகக் குளிர்ந்த மாதத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது என்று தெரிந்ததற்காக அழுதாள்.

"எதை இறக்கப் போறீங்க?" கமீஸா சந்தேகமாகக் கேட்டாள்.

"அந்த மூணு நாளை, சித்தி. கணக்குலேருந்து எடுத்துடுவோம்."

"எடுக்கறதா?" கிழவி நிமிர்ந்தாள். "ஏன் எடுக்கணும்? நடந்ததுதானே அது? மூணு வேளையும் சூடு ரொட்டி, அணையாத நெருப்பு. நீங்க வந்ததாலதானே என் பிள்ளைங்களுக்கும் அது கிடைச்சுது! பெரியவன் இத்தாலியிலேருந்து போன் பண்ணினா இன்னும் அதைத்தான் பேசுவான். 'அம்மா, அந்த எடை போடறவங்க வந்தாங்களே, அப்ப சாப்பிட்டோமே, அந்த மாதிரி ஒரு நாள்'ம்பான். உனக்கு மட்டும்தான் அந்த மூணு நாள்னு நினைச்சியா? எங்களுக்கு அதைவிட்டா வேற என்ன இருந்துச்சு? அதை எடுக்கக் கூடாது. எழுதினதை எழுதினபடி வை."

புள்ளிவிவரத்தில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறிக்கை டிசம்பரில் வந்தது. விறகின் கோடு இறங்கவில்லை, கொஞ்சம் கோணலாகத் தரைக்கு மேலே படுத்திருந்தது. அமைச்சகத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், லாரி மலை ஏறியது. கோட்டுக்கு மேலே, அது தொடாத உயரத்தில், எண்பத்தேழாம் வருஷத்துக்கு நேராக ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தனியாக நின்றது. கணக்கில் சேர்க்காததை எதற்குப் படத்தில் வைக்கிறீர்கள் என்று அச்சுக்கு அனுப்புகிறவர் கேட்டபோது, இருக்கட்டும் என்று லம்ஜெத்தே சொன்னான். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் தலெந்தா ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: இந்த மூன்று நாளும் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள், குழந்தைகளும் சூடாகச் சாப்பிட்டார்கள்.